சாக்கடை வாயில் ஓர் உரைகல்!

கரைந்து மறைந்த உலோகத்தைக் காட்டிக் கொடுக்கும் கருவி அம்மாபேட்டைக்கு வரவேண்டும்

கல்யாணம் முடிந்து புதுப்பெண் வீட்டுக்கு வருகிறாள். வாசலிலே நிறுத்தி ஆரத்தி எடுக்கிறார்கள். தட்டிலே செக்கச்செவேல் என்று தண்ணீர் தளும்புகிறது. அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? கடையில் வாங்கிய சாயமா? இல்லை. பாட்டி மஞ்சளைத் தண்ணீரில் கரைத்தாள். ஒரு சிட்டிகை சுண்ணாம்பைப் போட்டாள். மஞ்சள் தண்ணீர் சிவந்துவிட்டது!

தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைப் பார்த்தால் குடிதண்ணீர் போலத்தான் இருக்கும். கண்ணை அது ஏமாற்றிவிடும். ஆனால் மஞ்சளை ஏமாற்ற முடியாது. சுண்ணாம்பின் காரம் பட்டவுடனே அது நிறம் மாறி, "இங்கே சுண்ணாம்பு இருக்கிறது" என்று காட்டிக் கொடுத்துவிடும்.

தமிழ்நாட்டுப் பாட்டிமார் காலம் காலமாகச் செய்துவரும் இந்த வேலையைத்தான் இன்று விஞ்ஞானிகள் வேறு விதத்தில் செய்கிறார்கள். கழிவுநீரில் ஈயம் கரைந்திருக்கிறதா, செம்பு கரைந்திருக்கிறதா, குரோமியம் கரைந்திருக்கிறதா என்று காட்டிக் கொடுக்கும் பொருள்களையும் கருவிகளையும் உண்டாக்குகிறார்கள். அவற்றுக்கு ரசாயன உணர்கருவி என்று பெயர். சென்சார் என்றும் சொல்வார்கள்.

இந்தக் கருவி சேலம் அம்மாபேட்டைக்கு அவசியம் வேண்டும்.

தறியும் சாயமும்

சேலம் நகரின் ஒரு பகுதி அம்மாபேட்டை. நெசவுக்குப் பேர் போன இடம். சேலத்து வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சேலத்து வெள்ளிக் கொலுசு பல ஊர்ப் பெண்களின் கால்களில் ஒலிக்கிறது. இந்தப் பெருமைகளுக்குப் பின்னால் ஆயிரமாயிரம் குடும்பங்களின் உழைப்பு இருக்கிறது.

நூலுக்குச் சாயம் ஏற்ற வேண்டும். நூல் சிட்டத்தைச் சாயத் தொட்டியில் முக்குகிறார்கள்; எடுக்கிறார்கள்; அலசுகிறார்கள். அலசிய தண்ணீர் எங்கே போகும்? சுத்தம் செய்யாமல் விட்டால் சாக்கடைக்குத்தான் போகும்.

எல்லாச் சாயத்திலும் உலோகம் இருப்பதில்லை. ஆனால் சில சாயங்களில் இருக்கிறது. மயில் கழுத்து நிறத்துக்கு உதவும் நீலப்பச்சைச் சாயங்கள் சிலவற்றின் நடுவிலே செம்பு இருக்கிறது. பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் சில சாயங்களில் குரோமியமும் கோபால்ட்டும் இருக்கின்றன. அதனால்தான் அவை துவைத்தாலும் போகாமல் நிற்கின்றன.

சாயப்பட்டறையை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. வெள்ளி வேலையில் வெள்ளியோடு செம்பு கலக்கிறார்கள். அமிலத்தில் கழுவும்போது அந்தச் செம்பில் கொஞ்சம் கரைகிறது. முலாம் பூசும் பட்டறைகளில் நிக்கலும் குரோமியமும் துத்தநாகமும் புழங்குகின்றன. எந்தத் தொழில் ஆனாலும், கரைந்ததைப் பிரித்து எடுக்காமல் விட்டால் அது தண்ணீரோடு போகும்.

சேர்வராயன் மலையில் பிறந்த திருமணிமுத்தாறு சேலம் நகரின் ஊடே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. மணியும் முத்தும் பெயரிலே இருக்கின்றன. ஆனால் இன்று அந்த ஆறு நகரத்தின் சாக்கடையைச் சுமக்கிறது. சாயநீர் அதில் கலக்கிறது என்ற முறையீடு பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. ஆற்றங்கரையிலே கிணறுகள் இருக்கின்றன. வயல்கள் இருக்கின்றன. அந்த வயலில் விளையும் கீரையும் காயும் சந்தைக்கு வருகின்றன. சந்தைக்கு வந்தது சமையல் அறைக்கும் வரும்.

நிறம் வேறு, நஞ்சு வேறு

சாயம் வெளுத்துவிட்டால் விஷம் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இது பெரிய தவறு.

வாய்க்காலிலே தண்ணீர் சிவப்பாக ஓடினால் எல்லாரும் சத்தம் போடுகிறார்கள். மறுநாள் நிறம் இல்லாமல் ஓடினால் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஆனால் ஈயம் கரைந்த தண்ணீருக்கு நிறம் கிடையாது. வாசனை கிடையாது. காட்மியமும் அப்படித்தான். பளிங்கு போல் இருக்கும் தண்ணீரில் நஞ்சு இருக்கலாம். கலங்கலாக ஓடும் தண்ணீரில் உலோகமே இல்லாமலும் இருக்கலாம். கண்ணை நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. "கொதிக்க வைத்தால் சரியாகிவிடும்" என்பார்கள். கொதிக்க வைத்தால் காலராக் கிருமி சாகும். டைபாய்டுக் கிருமி சாகும். ஆகையால் கொதிக்க வைப்பது நல்லதுதான். ஆனால் ஈயம் கிருமி அல்ல, சாவதற்கு! தண்ணீர் ஆவியாகப் போகும். ஈயம் பாத்திரத்திலேயே இருக்கும். சுண்டச் சுண்ட அதன் அளவு கூடுமே தவிரக் குறையாது.

எத்தனை உலோகம் இருந்தால் ஆபத்து? இந்தியத் தர நிர்ணயத்தின்படி, குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது. காட்மியம் 0.003 மில்லிகிராம். பாதரசம் 0.001 மில்லிகிராம். இது எவ்வளவு சிறிய அளவு? பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் ஒரு தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த லாரித் தண்ணீர் முழுவதிலும் சேர்ந்து, ஐந்து அரிசி எடைக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது! ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதால்தான் இத்தனை கண்டிப்பு.

ஆற்றில் விடும் கழிவுநீருக்கும் சட்டத்தில் அளவு உண்டு. கொடிய வகைக் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. செம்பு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அளந்து பார்த்தால்தானே சட்டத்துக்கு உயிர்?

கருவி எப்படி வேலை செய்கிறது?

எல்லாவற்றிலும் எளியது நிறம் மாறும் பொருள். 1905-ஆம் ஆண்டில் சுகாயெவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி ஒரு வெள்ளைப் பொருளை நிக்கல் கரைசலில் சேர்த்தார். ரோஜா நிறத்தில் செக்கச் சிவந்த படிவு வந்தது. கொடிய வகைக் குரோமியத்தைக் காட்ட இன்னொரு பொருள் உண்டு. அமிலத்தோடு சேர்த்து அதை விட்டால், தண்ணீர் கத்தரிப்பூ நிறமாக மாறும். குரோமியம் கூடினால் நிறமும் கூடும். இத்தகைய பொருளைக் காகிதத்தில் ஏற்றி நாடா போலச் செய்கிறார்கள். தண்ணீரில் முக்கி எடுத்து, நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்யலாம்.

இரண்டாவது வகை மின்சாரக் கோல். அதன் நுனியிலே ஒரு மெல்லிய தடுப்பு இருக்கும். குறிப்பிட்ட ஓர் உலோகத்துக்கு மட்டும் அது இடம் கொடுக்கும். கல்யாணப் பந்தலில் அழைப்பிதழ் பார்த்து உள்ளே விடுவது போல! உலோகம் வந்து ஒட்டினால் சிறிய மின் அழுத்தம் உண்டாகிறது. ஈயமோ செம்போ பத்து மடங்கு கூடினால், அழுத்தம் சுமார் 30 மில்லிவோல்ட் மாறும். அதை வைத்து அளவைக் கணக்கிடுகிறார்கள்.

மூன்றாவது வகை இன்னும் கூர்மையானது. ஒரு சிறிய மின்முனையைத் தண்ணீரில் வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். கரைந்திருந்த உலோகங்கள் ஒவ்வொன்றாக வந்து முனையிலே படிகின்றன. சிறிது நேரம் சேரவிட்டு, மின் அழுத்தத்தை மெள்ள மாற்றுகிறார்கள். உடனே உலோகங்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. டவுன் பஸ்ஸிலே பிரயாணிகள் அவரவர் நிறுத்தத்தில் இறங்குவது போல, துத்தநாகம் ஓர் அழுத்தத்தில் இறங்கும். காட்மியம் ஓர் அழுத்தத்தில் இறங்கும். ஈயம் வேறு அழுத்தத்தில் இறங்கும். எந்த நிறுத்தம் என்பதிலிருந்து பெயர் தெரியும். எத்தனை பேர் இறங்கினார்கள் என்பதிலிருந்து அளவு தெரியும்.

இந்தக் கலைக்கு வழிகாட்டியவர் ஹெய்ரோவ்ஸ்கி. பிராகா நகரத்து விஞ்ஞானி. 1922-இல் அவர் துளித்துளியாகச் சொட்டும் பாதரசத்தை மின்முனையாக வைத்து ஆராய்ந்தார். 1959-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம்முடைய நாட்டிலும் இந்தத் துறைக்கு ஒரு பெரிய ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது! காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் அது திறக்கப்பட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். மின்முனை உணர்கருவிகளைப் பற்றிய ஆராய்ச்சி அங்கே நடந்து வருகிறது. காரைக்குடியின் அறிவு அம்மாபேட்டையின் சாக்கடை வரைக்கும் வரவேண்டாமா?

காலம் கடந்தால் கதி என்ன?

ஜப்பான் நாட்டிலே மினமாட்டா என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலை கழிவைக் கடலில் விட்டு வந்தது. பாதரசம் மீனிலே சேர்ந்தது. மீனைத் தின்ற பூனைகள் பித்துப் பிடித்தாற்போல் துள்ளிச் செத்தன. பிறகு மனிதருக்கும் நோய் வந்தது. கை கால் நடுங்கின. பேச்சுக் குழறியது. தாயின் வயிற்றில் இருந்த சிசுவையும் நோய் விடவில்லை.

1956-இல் நோய் வெளியே தெரிந்தது. 1959-இல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் "பாதரசம்தான் காரணம்" என்று சொன்னார்கள். அரசாங்கம் அதை ஒப்புக்கொண்டது 1968-இல்! இடையிலே பன்னிரண்டு ஆண்டுகள். அத்தனை காலமும் கழிவு போய்க்கொண்டேதான் இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? ராணிப்பேட்டையைப் பாருங்கள். அங்கே இருந்த குரோமேட் தொழிற்சாலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஆனால் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. நிலத்தடி நீரும் கெட்டது. தொழிற்சாலை போய்விட்டது, தொல்லை போகவில்லை.

வேலூர் வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. கெடுத்தவனே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. நல்ல தீர்ப்பு. ஆனால் கெடுத்தவன் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அளவு வேண்டும். அளவுக்குக் கருவி வேண்டும்.

நல்லவனுக்கும் அதுவே சாட்சி

கருவி வந்தால் தொழில் போய்விடுமோ என்று சாயப்பட்டறைக்காரர் பயப்படுகிறார். அந்தப் பயம் வீண் பயம் அல்ல. 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு உத்தரவின்பேரில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் ஒட்டுமொத்தமாக மூடப்பட்டன. குற்றம் செய்தவரோடு, செலவு செய்து கழிவைச் சுத்தம் செய்தவரும் சேர்ந்து தவித்தார்கள். சாயப்பட்டறை நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு நிற்கும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய பேச்சு இது:

"என்ன அண்ணா, இன்றைக்கு வாய்க்கால் நீலமாக ஓடுகிறதே, உங்கள் பட்டறையா?"

"இல்லை தங்கச்சி. நாங்கள் இரண்டு நாளாய்ச் சாயமே போடவில்லை."

"எல்லாரும் இப்படித்தான் சொல்கிறீர்கள்!"

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் நிரூபிக்க அவரிடம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அளவு இல்லாத இடத்தில் திருடனும் யோக்கியனும் ஒன்றுதான். பத்துப் பட்டறையில் ஒரு பட்டறை தவறு செய்தாலும், பழி பத்துப் பேர் தலையிலும் விழும்.

சேலத்து வெள்ளி வியாபாரிக்கு இது தெரியாததா? உரைகல் இருப்பதால் நல்ல வெள்ளிக்கு நல்ல விலை கிடைக்கிறது. உரைகல்லைக் கண்டு பயப்படுகிறவன் கலப்படக்காரன் மட்டுமே. சாக்கடை வாயில் வைக்கும் கருவியும் ஓர் உரைகல்தான். குற்றவாளியைக் காட்டிக் கொடுப்பது அதன் பாதி வேலை. குற்றம் செய்யாதவரைக் காப்பாற்றுவது மறு பாதி.

இதற்குப் பணம் யார் கொடுப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சிறிய பட்டறைக்காரர் தனியாக வாங்க முடியாது. வாங்கவும் வேண்டாம். நெசவாளர்களுக்குக் கூட்டுறவு புதிது அல்ல. நூல் வாங்கவும் துணி விற்கவும் கூடியவர்கள், தண்ணீரை அளக்கவும் கூடலாம். பல பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்து, அதன் வாயிலே கருவியையும் வைத்தால், ஒவ்வொருவர் பங்கும் குறையும். பெரும்பங்கை அரசாங்கம் ஏற்கவேண்டும். சேலை கட்டுகிற எல்லாரும் சாயத்தை அனுபவிக்கிறார்கள். சாயநீரின் செலவை நெசவாளர் தலையில் மட்டும் கட்டுவது தர்மம் அல்ல.

கருவியையும் கண்காணிக்க வேண்டும்

கருவி வந்தால் எல்லாம் தீர்ந்தது என்றும் எண்ணக்கூடாது. கழிவுநீர் அழுக்கு நிறைந்தது. மின்முனையின் மேல் பாசி போல் அழுக்குப் படியும். சாயத்தின் நிறமே காகித நாடாவின் நிறத்தைக் குழப்பிவிடும். ஓர் உலோகம் இன்னோர் உலோகம் போல வேஷம் போடும். ஆகையால் கருவியை அடிக்கடி துடைக்க வேண்டும். அளவு தெரிந்த கரைசலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். கடைத் தராசுக்கு முத்திரை போடுகிறார்கள் அல்லவா? அதைப் போல. சந்தேகம் வந்தால் ஆய்வுக்கூடத்துப் பெரிய இயந்திரத்தில் சோதித்து முடிவு செய்யவேண்டும்.

சூழ்ச்சிக்காரரும் உண்டு. கருவி இருக்கும் குழாயில் நல்ல தண்ணீரை விட்டு, கழிவை நள்ளிரவில் வேறு வழியாக விடுவார்கள். அதற்கும் வழி இருக்கிறது. பட்டறை வாயில் ஒரு கருவி. தெருச் சாக்கடை ஆற்றில் விழும் இடத்தில் ஒரு கருவி. இரண்டின் கணக்கும் ஒத்துப் போகவேண்டும். ஒத்துப் போகாவிட்டால் இடையிலே கள்ள வழி இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தியாவில் 17 வகைப் பெருந்தொழில்கள் கழிவை இடைவிடாமல் அளக்கும் கருவி வைக்கவேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் உத்தரவு போட்டது. அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை அமிலத் தன்மையையும் அழுக்கையும் அளக்கின்றன. உலோகத்தை அளப்பது அவ்வளவாகப் பரவவில்லை. அந்த எண்களும் எங்கோ ஓர் அலுவலகத்துக்குப் போகின்றன. தெருவிலே வாழும் தாய்க்கு அது தெரிவதில்லை.

அது மாறவேண்டும். அம்மாபேட்டைச் சாக்கடையின் கரையிலே ஒரு பலகை வேண்டும். நல்ல தமிழிலே, பெரிய எழுத்திலே, "இந்த வாரம் செம்பு இவ்வளவு; குரோமியம் இவ்வளவு; இருக்கக்கூடிய அளவு இவ்வளவு" என்று எழுதவேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அளவு மிஞ்சினால் முதலில் எச்சரிக்கை. அடுத்து உதவியும் தவணையும். அதற்கும் மசியாதவருக்குத் தண்டனை. இந்த வரிசையில் போனால் தொழிலும் பிழைக்கும், ஆறும் பிழைக்கும்.

காய்ச்சலை அளக்கும் கருவி காய்ச்சலைக் குணப்படுத்தாது. உண்மை. ஆனால் காய்ச்சல் எவ்வளவு என்று தெரியாமல் எந்த டாக்டரும் மருந்து கொடுப்பதில்லை.

ஆரத்தித் தட்டிலே பாட்டி மஞ்சளைக் கரைத்து வைத்தது போல, சாக்கடை வாயிலே ஊர் கூடி ஓர் உணர்கருவியை வைக்கட்டும். நிறம் மாறினால் விழித்துக்கொள்ளலாம். மாறாவிட்டால், சாயம் தோய்ந்த கையோடு வீடு திரும்பும் உழைப்பாளி நிமிர்ந்து நடக்கலாம்!